மாட்டேன் என்ற டிரம்மர்

அன்புள்ள அப்பாவுக்கு,

மூட்டுவலி தேவலையா? குறுவை நடவு முடிந்ததா? ஷில்லாங்கில் நான் சுகம்தான், மழைதான் விடுவதாயில்லை.

சனிக்கிழமை, எங்கள் வங்கியில் வேலைபார்க்கும் இபானின் ராக் குழுவுக்கு டிரம்ஸ் அடிப்பவர் வரவில்லை. நான் அடித்தேன். திட்டாதீர்கள், யாரும் ஏவி நான் அடிக்கவில்லை, எனக்குப் பிடித்து அடித்தேன்.

"உங்க அப்பாவும் டிரம்மரா?" என்று இபான் கேட்டாள். "ஆமா. சாவுக்கெல்லாம் இனி பறையடிக்க வரமாட்டேன்னு ஊர்க்கூட்டத்துலயே சொல்லிட்டு, பறையைப் பரண்ல போட்டவரு" என்றேன்.

"அதுதான் ராக்" என்றாள்.

நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்புங்கள். பார்சலில் முகவரியை உங்கள் கையாலேயே எழுதுங்கள்.

பஸ் வந்துவிட்டது. மனம் இருந்தால் ஒருநாள் பறையை இறக்கி, போனில் எனக்கு மட்டும் அடித்துக் காட்டுங்கள். மாட்டேன் என்பதானாலும் போன் செய்து சொல்லுங்கள்.

உங்கள் மகள்
இளவேனில்