அப்பா கல்லறையைச் சுற்றிய சோடா பாட்டில்கள்

திருவொற்றியூர்
4.11.2002, திங்கள்

கர்த்தருக்குள் அன்பான மகள் பெர்சிசுக்கு அம்மா எழுதுவது. தேவகிருபையால் நான் இங்கே சுகம், வலது முழங்கால் ஒன்றுதான் என் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் மஸ்கட்டில் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று காலையும் மாலையும் ஒவ்வொருவர் பேராகச் சொல்லித்தான் ஜெபிக்கிறேன். இங்கே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மாடியில் காயப்போட்ட துணியெல்லாம் மணலி ஆலைப் புகையும் மழையும் சேர்ந்து கரும்புள்ளி விழுந்து கிடக்கிறது, எத்தனை தடவைதான் அலசுவது. உன் அண்ணன் துரைக்குச் சளி. அவன் பெண்டாட்டிக்கு இது மூன்றாம் மாதம், ஊறுகாயைத் தவிர வேறெதுவும் உள்ளே தங்கவில்லை. நீ போனில் அவளிடம் ஒன்றும் கேட்டுவைக்காதே, இன்னும் வெளியில் சொல்லவில்லை.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. வயதான காலத்தில் கோயிலோடு எதற்கம்மா சண்டை, விட்டுக்கொடுத்துவிடுங்கள், போய்ச் சேர்ந்த அப்பாவுக்குக் கல்லறையைச் சுற்றி பாட்டில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று எழுதியிருக்கிறாய். துரை உனக்கு அரைகுறையாகச் சொல்லியிருக்கிறான். சின்ன வயதிலிருந்தே அவன் எந்தக் கதையிலும் பாதியை விழுங்கிவிட்டுத்தான் சொல்லுவான். நான் விட்டுக்கொடுக்க மாட்டேன் பிள்ளே. அதை முதலிலேயே சொல்லிவிட்டு மற்றதை எழுதுகிறேன். கடைசியில் அம்மா இளகிவிடுவாள் என்று எதிர்பார்த்துக்கொண்டு படிக்காதே.

போன வருஷம் கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் நடந்தது உனக்குத் தெரியாது. கல்லறைத் தோட்டம் பெருக்குகிற வேம்பு, உன் கல்யாணத்தில் பந்திக்கு இலை எடுத்தாளே அவள்தான், யாரோ மெழுகுவத்தி ஏற்றி உடைத்துவிட்டுப் போன கண்ணாடி டம்ளரை மிதித்துவிட்டாள். உள்ளங்காலில் ஏழு தையல். அந்த மழைக்கு பிளாஸ்டிக் மாலைகள் வேறு கால்வாயை அடைத்துக்கொண்டு, கல்லறைகள் எல்லாம் முழங்கால் தண்ணீரில் நின்றன. அதனால்தான் ஜூன் மாதம் சபைப் பொதுக்கூட்டத்தில் கல்லறைகளுக்கு விதிமுறை கொண்டுவந்தார்கள். நானும் இருக்கிற சபைக் கமிட்டியின் காரியதரிசி சாலமோன், மணலியில் ஏதோ ஒரு கம்பெனியில் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர், டைப் அடித்து எடுத்துவந்து வாசித்தார். இரண்டடிக்கு மேல் கட்டக்கூடாது. க்ரீம் கலர் தவிர வேறு பெயின்ட் கூடாது. வேர்விடுகிற செடி கூடாது. ஊதுபத்தி, பலகாரம் கூடாது. சபைப் பதிவேட்டில் பேர் இல்லாதவர்கள் எந்தக் கல்லறையிலும் கைவைக்கக்கூடாது. இப்படிப் பத்து. செத்தவர்களுக்கு யூனிபார்ம் மாட்டி வரிசையில் நிறுத்துகிறாரோ என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் இப்போது வாசல் பலகையில் பதினொரு விதி இருக்கிறது. நடுவில் நுழைந்த அந்த ஒன்று, கல்லறை மேலோ சுற்றியோ கண்ணாடிப் பொருள் எதுவும் இருக்கக்கூடாது என்கிற ஐந்தாம் விதி, அவர் எழுதினது இல்லை. நான்தான் எழுந்து நின்று, வேம்பு காலைப் பார்த்த பிறகும் கண்ணாடியைத் தடுக்காமல் இருந்தால் நாம் கிறிஸ்தவர்களா என்று கேட்டு, முதல் ஆளாகக் கையைத் தூக்கினேன். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கும் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன். துரை விழுங்கிய பாதி இதுதான்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து உள்ளே போனால், பதினெட்டுக் கல்லறைகளில் சிவப்புப் பெயின்டில் பெருக்கல் குறி போட்டிருக்கிறது. உன் அப்பா கல்லறையிலும். ராசையா என்கிற பேருக்கு நேர் கீழே. நவம்பர் இரண்டாம் தேதிக்குள் விதியை மீறினதை எல்லாம் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கமிட்டியே எடுக்கும் என்று பலகையில் தாள் ஒட்டியிருந்தார்கள். தெரியாமல் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து நேரே சாலமோனிடம் போனேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பாட்டில் எல்லாம் கண்ணாடிதானேம்மா என்றார். எட்டு வருஷமாக வாரம் தவறாமல் பார்க்கிற பாட்டில்கள், கூட்டத்தில் கண்ணாடி கண்ணாடி என்று நான் கத்தினபோது ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை. எனக்கு அது கண்ணாடி இல்லை பெர்சிஸ். அது உன் அப்பா.

கிருஷ்ணப்பன் அதை எப்படிப் பதித்தார் என்று உனக்கு நான் சொன்னதே இல்லை. நம் சோடா கம்பெனிக்கு இருபத்தெட்டு வருஷம் வண்டி இழுத்தவர், கம்பெனியை மூடினபோது மீதியிருந்த கோலி சோடா பாட்டில்களைக் கேட்டார். பழைய பாட்டில்காரனிடம் போடப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் என்ன செய்தார், கல்லறையைச் சுற்றி மண்ணைத் தோண்டி, ஒவ்வொரு பாட்டிலாகத் தலைகீழாக நட்டார். கோலியெல்லாம் மண்ணுக்குள்ளே, அடிப்பாகம் மட்டும் வெளியே. சனிக்கிழமைதோறும் வாளியும் துணியும் எடுத்து வந்து படிந்திருக்கிற கரியைத் துடைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார், போய்விடுவார். பெருக்கல் குறியைப் பார்த்ததும், "இன்னாம்மா, மொதலாளி பரீட்சைல ஃபெயிலா? தப்பு போட்டு வச்சிக்கீறாங்க" என்று சிரித்தார். அப்புறம் யாரோ பதிவேட்டு விதியைச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த சனிக்கிழமை நான் போனபோது, தண்ணீர் நிரப்பின வாளியோடு கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரச் சொன்னால், "வேணாம்மா, உனுக்கு எதுக்கு பேஜாரு" என்று வாளியை என்னிடம் கொடுத்துவிட்டார். அன்றைக்கு நானே துடைத்தேன். அழுதுகொண்டே துடைத்தேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

நம் சபைப் போதகர் ஐயர் நல்ல மனுஷர், குற்றம் சொல்ல மாட்டேன். வீட்டுக்கே வந்து, உங்கள் குடும்பம் பழைய குடும்பம், பாட்டில் தெரியாதபடி சுற்றி ஒரு சிமென்ட் திட்டு கட்டிவிடுங்கள், கமிட்டி பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிடும் என்றார். சரி என்று சொல்லத்தான் போனேன். எந்த அளவு திட்டு கட்டுவது என்று பார்க்க மறுநாள் கல்லறைத் தோட்டத்துக்குப் போனபோது, கடைசி வரிசையில் எர்ணாவூர் தாயம்மா குனிந்து உட்கார்ந்து ஸ்பூனால் எதையோ சுரண்டிக்கொண்டிருந்தாள். இறால் உரிக்கப் போகிறவள், கோயிலில் எனக்குப் பின் பெஞ்சில் உட்காருவாள், அதற்கு மேல் எனக்குத் தெரியாது. அவள் மகள் பத்தொன்பது வயதில் மஞ்சள் காமாலையில் போய்விட்டாளாம். மகளின் துணிப்பெட்டியில் இருந்த கண்ணாடி வளையல் அத்தனையையும் ஈரச் சிமென்டில் சிலுவைபோலப் பதித்து வைத்திருக்கிறாள். கமிட்டி ஆள் வந்து உடைப்பதற்குள் முழுசாக எடுத்துவிடலாம் என்று சுரண்டுகிறாள். எடுக்க எடுக்க உடைகிறது. மடியில் துண்டு துண்டாக வைத்திருந்தாள். ஏம்மா நீ அன்றைக்குக் கூட்டத்தில் எழுந்து சொல்லியிருக்கக்கூடாதா என்று கேட்டேன். "நானும்தான்க்கா கை தூக்குனேன். நீ தூக்கசொல்ல, யக்கா தூக்குதுன்னா நல்லதுக்குத்தான் இருக்கும்னு நெனச்சிக்கினேன். வளையலு ஞாபகத்துக்கே வர்ல" என்றாள். அவள் மகள் பேர் கார்குழலி. ஒரே கோயிலில் பதினான்கு வருஷம் இருந்துவிட்டு, அந்தப் பேரை அன்றைக்குத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஸ்பூனை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். ஐயரிடம் போய், எனக்குத் தனிச் சலுகை வேண்டாம், பதினெட்டுக்கும் ஒரே பதில் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

முந்தாநாள் சனிக்கிழமை கல்லறைத் திருநாள். காலை ஏழு மணிக்கே குடையோடு போய் அப்பா கல்லறை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். தாயம்மா அவள் மகள் கல்லறையில் உட்கார்ந்தாள். இன்னும் ஏழெட்டுக் குடும்பம் வந்தது. கேட்டில் நின்ற கிருஷ்ணப்பனைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன். சாலமோன் கடப்பாரையோடு இரண்டு ஆட்களையும், உடைந்ததை அள்ள சாக்கோடு வேம்புவையும் அழைத்துக்கொண்டு வந்தார். இவர் பேர் பதிவேட்டில் இல்லையே என்றார். அப்பா பெட்டிக்குத் தலைமாட்டில் தோள் கொடுத்தவர் இவர், அன்றைக்கு நீங்கள் யாரும் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கவில்லையே என்றேன். நீங்களே கொண்டுவந்த விதிதானேம்மா என்றார். ஆமாம், நான் யோசிக்காமல் கொண்டுவந்தேன், நீங்கள் யோசிக்காமல் கடப்பாரை கொண்டுவந்திருக்கிறீர்கள் என்றேன். அப்போதுதான் வேம்பு சாக்கைக் கீழே போட்டாள். "என் கால கீச்சினது மெழுகுவத்தி கிளாசு. இந்த பாட்டில் என்னை இன்னா பண்ணுச்சு? எட்டு வருசமா இத்த சுத்தித்தான் பெருக்கிகினு கீறேன். என் காலுக்கோசரம் ரூலு போட்டீங்களே, என்னை ஒரு வார்த்த கேட்டீங்களா? ஒரு ஜோடி செருப்பு வாங்கிக் குடுத்திருந்தா முடிஞ்சிருக்கும்" என்றாள். சாலமோனைப் பார்த்துத்தான் சொன்னாள். எனக்கும் சேர்த்துத்தான் விழுந்தது. மழை வலுத்தது, கடப்பாரைக்காரர்கள் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

நேற்று ஆராதனை முடிந்து கூட்டம். ஐந்தாம் விதியையும் பதிவேட்டு விதியையும் எடுத்துவிடவேண்டும் என்று நான் கேட்டேன். கை எண்ணினார்கள். நாலு கை வித்தியாசத்தில் தோற்றுப்போனோம். விதி அப்படியே இருக்கிறது. சரி, எடுக்கப்போவது யார் என்று சாலமோன் கேட்டார். ஒரு ஆள் எழுந்திருக்கவில்லை, விதிக்குக் கை தூக்கினவர்களும்தான். வேம்புவோ எனக்கு வேறு வேலை கீது என்று வாசலிலிருந்தே சொல்லிவிட்டாள். கமிட்டியிலிருந்து விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். சாலமோன் பின்னாலேயே வந்து, உங்கள் வீட்டுக்காரர் பக்கத்தில் உங்களுக்கு ஒரு இடம் விட்டுவைத்திருக்கிறது, ஒத்துழைக்காதவர்கள் என்றால் நாளைக்குக் கமிட்டி யோசிக்கவேண்டி வரும் என்று மெதுவாகச் சொன்னார். பயமாக இருந்தது பெர்சிஸ். அந்த ஆறடி இடத்தைப் பார்த்துத்தான் எட்டு வருஷமாக நான் தைரியமாக இருக்கிறேன். நன்றாக யோசியுங்கள், ஆனால் நான் சாகும்வரைக்கும் வாராவாரம் வந்து பாட்டில் துடைப்பேன், நீங்கள் யோசிப்பதை நானும் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வேம்புவுக்கு ரப்பர் செருப்பு இன்று காலை வாங்கிக் கொடுத்துவிட்டேன். அளவு பார்த்துப் போட்டுக்கொண்டு, ஒரு வருஷம் லேட்டும்மா என்றாள். தாயம்மா சுரண்டி எடுத்ததில் முழுசாகப் பிழைத்தது பதினொரு வளையல். மழை விட்டதும் கிருஷ்ணப்பன் சிமென்ட் குழைத்துத் திரும்பப் பதித்துத் தருகிறேன் என்றிருக்கிறார். நீ பயப்படாதே, ரத்த அழுத்த மாத்திரை தவறாமல் போடுகிறேன். நீயும் நைட் டியூட்டி முடிந்து வெறும் வயிற்றில் படுக்காதே. பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் பழக்கு, அடுத்த கடிதத்தில் பெரியவன் கையெழுத்தில் இரண்டு வரி வேண்டும். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காத்து, பிள்ளைகளைக் குறைவில்லாமல் வளர்ப்பாராக.

ஒன்று மறக்காதே. கிருஷ்ணப்பன் அன்றைக்கு எடுத்துப்போகாத ஒரு பாட்டில் என் கட்டிலுக்கடியில், பச்சைப் பெட்டியில், உன் பழைய பாவாடையில் சுற்றி வைத்திருக்கிறேன். துரை பயந்தவன், அவனை நம்பமாட்டேன், நீ வரவேண்டும். என்னை அப்பா பக்கத்தில் வைத்து மண் மூடினதும் அதை என் தலைமாட்டில் கிருஷ்ணப்பன் நட்டதுபோலவே தலைகீழாக நடு. யாராவது வந்து ஐந்தாம் விதியைக் காட்டினால், அதைக் கொண்டுவந்தவள் இங்கேதான் படுத்திருக்கிறாள், குனிந்து அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்.

இப்படிக்கு,
விட்டுக்கொடுக்காத உன் அம்மா,
ரா. ஜெயக்கொடி