முட்டைப் பந்தில் குறைந்த காற்று

கொடைக்கானல் பஜார்,
19-5-1959

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மாமிக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படித்துப் பதறி, கொழும்புக் கடையில் எதையாவது கொட்டிக் கவிழ்த்துவிடாதீர்கள்.

இங்கே சீசன் பிய்த்துக்கொண்டு போகிறது. மதுரைக்காரர்களும் மெட்ராஸ்காரர்களும் ஏரியைச் சுற்றிச் சுற்றி வந்து, பசியெடுத்து நம் ரொட்டியைத்தான் தின்கிறார்கள். ரொட்டிக் கிடங்கில் அடுப்பு அணைவதே இல்லை. மழையும் நசநசவென்று விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பஜாரில் யார் வீட்டில் எது நமுத்தாலும் நம் அடுப்புக்கு மேலே உள்ள பரணுக்குத்தான் வந்து சேருகிறது. தீப்பெட்டி, உப்புச் சட்டி, நனைந்த செருப்பு, போஸ்ட்மேன் பை எல்லாம் ரஸ்க் தட்டுகளோடு வரிசையாகக் காய்கின்றன. ஜோசியர் குருநாதன் பஞ்சாங்கத்தையே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். எடுத்துப் போகும்போது அதில் வர்க்கி வாசனை அடிக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தம்பி அலாவுதீன் மேட்டிலிருக்கும் அமெரிக்கப் பள்ளிக்கூடத்துக்கு ரொட்டி கொண்டுபோய்க் கொடுக்கிறார் அல்லவா? போன இடத்தில் ரொட்டியை இறக்கிவிட்டு வரவேண்டியதுதானே. அங்கே நின்று அவர்கள் விளையாட்டைப் பார்த்துப் பார்த்துப் பைத்தியமாகிவிட்டார். அவருடைய ஆர்வத்தைப் பார்த்து விளையாட்டு வாத்தியார் பந்துகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையே அவரிடம் கொடுத்துவிட்டார். காற்றடிப்பது, தையல் போடுவது, மெழுகு தேய்ப்பது எல்லாம் இவர்தான். பட்டை பட்டையாகக் கோடு போட்ட ஸ்வெட்டர் ஒன்றும் கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு பஜாரில் நடப்பதைப் பார்க்க வேண்டுமே, மாப்பிள்ளை ஊர்வலம் தோற்றது.

அந்தப் பந்து உருண்டையாக இருக்காது. இரண்டு முனையும் கூம்பி, முட்டை மாதிரி இருக்கும். அதைக் கையில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓடுவான். மற்றவர்கள் எல்லாரும் அவன்மேல் விழுந்து அமுக்குவார்கள். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு மறுபடியும் அதையே செய்வார்கள். இதற்குப் பெயர் ஃபுட்பாலாம். காலுக்கு எப்போதாவதுதான் வேலை. இவர்களுக்கு வேறு சோலியே இல்லையா என்று மாமி கேட்டுக்கொண்டே முழு ஆட்டத்தையும் பார்த்தார்கள். நாங்கள் பெண்கள் எல்லாம் மேட்டு ரோட்டில் குடை பிடித்து நின்றோம்.

சனிக்கிழமை நடந்தது பெரிய ஆட்டம். ஒரு பக்கம் பள்ளிக்கூடத்துப் பெரிய பையன்கள். இன்னொரு பக்கம் கீழ்நாட்டிலிருந்து கோடைக்கு வந்திருக்கும் அமெரிக்கத் துரைமார். அவர்களுக்குத் தலைவர், வத்தலக்குண்டுப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் துரை. பையன்கள் கையால் எறிந்து பிடிப்பதில் சூரர்கள். டாக்டர் துரைக்கு உதைதான் பலம். கடைசியில் அவர் ஒரு உதை உதைத்தார். அது மைதானக் கோடியில் நட்டிருக்கும் கம்பத்துக்கு மேலே போயிருந்தால் அவர்களுக்கு ஜெயம். பந்து பாதி வழியில் சோம்பலாகக் கீழே இறங்கிவிட்டது. டாக்டர் துரை ஓடிப்போய் அதை எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கினார். விரல் உள்ளே போனது. இதற்குக் காற்றடித்தது யார் என்று கேட்டார். எல்லாரும் பட்டை ஸ்வெட்டரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

காலையில் கல் மாதிரி அடித்துக்கொண்டு வந்தேன் என்று அலாவுதீன் சத்தியம் செய்தார். டாக்டர் நல்ல மனிதர். ஒன்றும் சொல்லாமல் பந்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் அவருடைய டிரைவர் மயில்சாமி இருக்கிறானே, அவனுக்கு வண்டியைவிட வாய் வேகம். கடைசி உதைக்கு முன்னால் அலாவுதீன் பந்தைத் தைல மரத்துக்குப் பின்னால் கொண்டுபோனதை இவன் பார்த்தானாம். கொண்டுபோனது உண்மைதான், சேறு துடைக்க. இவனோ, பையன்கள் ஜெயிக்கட்டும் என்று அலாவுதீன் காற்றைத் திறந்துவிட்டான் என்று மலையிறங்கி ஊரெல்லாம் சொல்லிவிட்டான். வத்தலக்குண்டில் அவன் அரிசி வாங்குவது யார் கடையில்? நம் சம்பந்தி பிச்சை முகம்மது ராவுத்தர் கடையில்தான்.

ராவுத்தர் நேற்று பஸ் ஏறி வந்துவிட்டார். நான் கொடுத்த டீயைத் தொடவில்லை. படி ஏறாமல் வாசலில் நின்றபடியே மாமியிடம் சொன்னார்:

"பந்துல காத்தக் கொறைக்கிறவன் நாளைக்குத் தராசுலயும் கை வைப்பான். எம் பொண்ணக் குடுக்க எனக்கு மனசு வரலம்மா."

அவர் கடைத் தராசைப் பற்றி உங்களுக்குத்தான் தெரியுமே. அந்த மனிதருக்கு அதுதான் மானம். ஹஜ்ஜுப் பெருநாள் கழித்து வைத்திருந்த நிக்காஹ் நிற்கிறது. இந்த மாதிரிப் பேச்சோடு, கல்யாணம் வைக்காத முஹர்ரம் மாதமும் பிறந்துவிட்டால் அப்புறம் தேதி பேச யார் வருவார்கள்? அலாவுதீன் சாப்பிடுவதில்லை. ஸ்வெட்டரைக் கழற்றி எறிந்தார், பந்தைப் பரணில் விட்டெறிந்தார், ரஸ்க்கை இரண்டு தரம் கருக்கிவிட்டார். ராவுத்தர் மகள் ஜஹனாராவை அவருக்கு அவ்வளவு பிடித்திருந்தது, மச்சான். எனக்குப் பார்க்கப் பாவமாகவும் இருக்கிறது, கோபமாகவும் இருக்கிறது. தம்பி பொய் சொல்லவில்லை. நீங்கள் மூத்தவராக ராவுத்தருக்கு இரண்டு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அமீருன்னிசா


கொடைக்கானல் பஜார்,
30-5-1959

அன்புள்ள மச்சானுக்கு,

சலாம். போன கடிதம் உங்களைத் தூங்கவிடாமல் செய்திருந்தால் இன்றைக்குக் கை காலை நீட்டி நிம்மதியாகத் தூங்குங்கள். உங்கள் பதில் இன்னும் வரவில்லை. வருவதற்குள் இங்கே எல்லாம் தலைகீழாகிவிட்டது. பொறுமையாகப் படியுங்கள், முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

போன வியாழக்கிழமை மாமி உப்புச் சட்டியை எடுக்கப் பரணில் கை விட்டார்கள். உப்புக்குப் பதில் பந்து உருண்டு வந்து தரையில் விழுந்தது. விழுந்த வேகத்தில் எகிறி, மாவுத் தொட்டியில் மோதி, மாமியின் முழங்காலில் ஒன்று போட்டுவிட்டுத்தான் நின்றது. மாமி பந்தையும் பள்ளிக்கூடத்தையும் அமெரிக்காவையும் சேர்த்து வைதார்கள். நான் எடுத்து அமுக்கிப் பார்த்தேன். கல்! கட்டைவிரல்தான் வலித்தது.

அலாவுதீனைக் கூப்பிட்டு எப்போது காற்றடித்தீர்கள் என்று கேட்டேன். அடிக்கவே இல்லை என்றார். பம்பை ஆட்டத்தன்றே மேட்டுப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டார், அங்கே அவர் அதற்குப் பிறகு போகவே இல்லை. பின்னே காற்று எங்கிருந்து வந்தது? மாமி ஜின் வேலை என்றார்கள். அலாவுதீன் பந்தை எடுத்துக்கொண்டுபோய்ப் பின்கட்டில் தூறலில் வைத்தார். ஒரு அடுப்பு ரொட்டி வேகிற நேரம் கழித்து அமுக்கினால் விரல் உள்ளே போகிறது. மறுபடி பரணில் வைத்தார். கல்லாகிவிட்டது. இப்படியே அன்று முழுவதும் உள்ளேயும் வெளியேயும் நடந்துகொண்டிருந்தார். நம் அடுப்படியில் பஜார் முழுக்கக் கூடிவிட்டது. பந்தை அமுக்க வந்தவர்கள் சும்மா போக முடியாமல் ரொட்டி வாங்கிப் போனார்கள், அது வேறு.

அப்புறம்தான் விளங்கியது. ஆட்டத்துக்கு முதல் நாள் மழையில் தோல் ஊறிக் கிடக்கிறதென்று பந்தைப் பரணில் காயப்போட்டிருக்கிறார். வேறு யாராவதாக இருந்தால் வீட்டில் ஆணியில் மாட்டியிருப்பார்கள். நமக்குத்தான் எது நனைந்தாலும் பரணாயிற்றே. விடிந்ததும் வெளியே குளிர் என்று அடுப்புக்கு முன்னாலேயே குந்தி உட்கார்ந்து, பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்திருந்த பம்பால் காற்றடித்திருக்கிறார். அனலில் அமுக்கிப் பார்த்தபோது போதும் என்று இருந்தது. பனி மூட்டத்தில் மைதானத்துக்குப் போனதும் சுருங்கிவிட்டது. குற்றவாளி நம் அடுப்புதான், மச்சான்.

சரி, வத்தலக்குண்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள் என்றேன். மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டார். நம்பாதவர் வீட்டு வாசலில் போய்ப் பந்தைத் தூக்கிக்கொண்டு நிற்கச் சொல்கிறீர்களா மதினி என்றார். உங்கள் தம்பியல்லவா, அந்த ரோஷம் எங்கே போகும். எனக்கு ரோஷமெல்லாம் கிடையாது. நானே ராவுத்தருக்கு ஆள் விட்டேன். உங்கள் தராசை யாராவது சந்தேகப்பட்டால் வந்து நிறுத்துப் பாருங்கள் என்பீர்களா இல்லையா, அதேபோல் எங்கள் பந்தை ஒரு தடவை வந்து அமுக்கிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அது மட்டும் போயிருந்தால் வந்திருப்பாரோ என்னவோ. அதே நேரத்தில் அங்கே ஜஹனாரா வாயைத் திறந்திருக்கிறாள். இதை அவள் அம்மா எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். அத்தாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டாளாம்:

"ஒரு மூடை மல்லி வாங்கவே உள்ள கையவிட்டு அள்ளிப் பாப்பீங்க. மாப்பிள்ளைய மட்டும் ஒரு டிரைவர் சொன்னாருன்னு வேணாம்னுட்டீங்களே, அத்தா."

ராவுத்தர் பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டாராம். எனக்கு இவளை இப்போதே கூட்டிக்கொண்டு வந்து வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. மாமியைச் சமாளிக்க எனக்கு ஒரு துணை கிடைத்தது.

நேற்று ராவுத்தர் வந்தார். கூடவே டாக்டர் துரையையும் அழைத்து வந்தார், நியாயம் என்றால் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும் என்று. ராவுத்தர் பரணிலிருந்து தன் கையால் பந்தை எடுத்து அமுக்கினார். கல்லாக இருந்தது. டாக்டரும் அமுக்கினார். தன்னோடு கொண்டுவந்த சாக்கில் ராவுத்தரே பந்தைப் போட்டு, கோணி ஊசியால் வாயைத் தைத்து, முடிச்சில் அரக்கு வைத்து முத்திரையும் குத்தினார். பிறகு சாக்கைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்கட்டுச் சுவரில் வைத்து, பக்கத்தில் தானே உட்கார்ந்துகொண்டார். கீழ்நாட்டு உடம்பு அல்லவா, பல் கிட்டுகிறது. சால்வை கொடுத்தேன், வாங்கவில்லை. டீ கொடுத்தேன், பார்க்கவில்லை. அடுப்படிக்கு வாருங்கள் என்றால், உள்ளே போனால் இதை யார் பார்ப்பது என்கிறார். பஜாரே சந்தில் நின்று அவரைப் பார்க்கிறது. அலாவுதீன் மட்டும் உள்ளே மாவு பிசைகிற சாக்கில் வெளியே வரவே இல்லை. நேற்று அந்த மாவு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எனக்கு உள்ளுக்குள் பயம்தான், மச்சான். நேற்றென்று பார்த்து வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. யா அல்லாஹ், மேகத்தை அனுப்பு என்று நான் கேட்டதை வேறு யாரும் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். ஆனால் வட்டக்கானல் பக்கமிருந்து மூட்டம் ஏறி வந்து எதிர்வீடு தெரியாமல் மூடிக்கொண்டது. ராவுத்தர் தையலைப் பிரித்தார். பந்தை எடுத்து அமுக்கினார். விரல் உள்ளே போனது. நம்பாமல் இரண்டாவது தடவை அமுக்கினார். டாக்டர் துரை தன் தொடையில் தட்டிக்கொண்டு அப்படிச் சிரித்தார். சூட்டில் காற்று விரியும், குளிரில் சுருங்கும், அவ்வளவுதான் என்று தம் கொச்சைத் தமிழில் எல்லாருக்கும் விளக்கினார். உள்ளே போய் அலாவுதீனின் மாவுக் கையைப் பிடித்துக் குலுக்கினார். மயில்சாமி ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை.

ராவுத்தர் சிரிக்கவில்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் போய் நின்றார்.

"மாப்ளே, நான் அவசரப்பட்டு எடை போட்டுட்டேன். எந் தப்புத்தான். மனசுல வச்சுக்கிடாதீங்க."

அலாவுதீன் என்ன செய்தார் தெரியுமா? அவரை அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, சூடாக ஒரு பன்னைப் பிய்த்துக் கையில் கொடுத்தார். ராவுத்தர் தின்றார். நான் டீயை நீட்டினேன். இந்தத் தடவை இரண்டு கிளாஸ் குடித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. புகை என்று மாமியிடம் சொன்னேன்.

நிக்காஹ் முதலில் வைத்த தேதியிலேயே, பெருநாள் கழிந்த பத்தாம் நாள், வத்தலக்குண்டுப் பள்ளிவாசலில். டாக்டர் துரையும் வருகிறார். விளையாட்டு வாத்தியார் அந்தப் பந்தையே கல்யாணப் பரிசாகக் கொடுத்துவிட்டார். மாமி அதை வீட்டுக்குள் விடமாட்டேன் என்கிறார்கள்.

இன்னும் ஒன்றுதான் எழுத வேண்டும். புறப்படுகிற நேரத்தில் ராவுத்தர் மாமியிடம் கேட்டார். வாப்பா இல்லாத வீடு, மூத்தவர்தானே தம்பியைக் கைபிடித்து நிக்காஹ் மஜ்லிஸில் உட்கார வைக்க வேண்டும், கொழும்பிலிருந்து அவர் வருகிறாரா என்று. மாமி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன பெருநாளைக்கும் அதற்கு முந்தைய பெருநாளைக்கும் முதலாளி லீவு தரவில்லை என்று நீங்கள் எழுதியதை அவர்கள் எப்படிச் சொல்வார்கள்? நான்தான் கதவுக்குப் பின்னாலிருந்து, கட்டாயம் வருகிறார் என்று சொன்னேன். ராவுத்தர் குணம் தெரியுமே, நிச்சயமாகவா என்று மறுபடியும் கேட்டார். நிச்சயமாக என்றேன்.

ஒரு பொய்யும் சொல்லாமலே இந்த வீட்டுக்குப் பொய்யர் பட்டம் வந்து, இப்போதுதான் போயிருக்கிறது. நான் அவருக்குச் சொன்ன சொல் உங்கள் கையில் இருக்கிறது. தனுஷ்கோடிக்குக் கப்பல் நாள்தோறும் வருகிறதாம், விசாரித்துவிட்டேன். வந்துவிடுங்கள் மச்சான்.

என்றும் உங்கள்,
அமீருன்னிசா