கெட்டி மரத்தில் ஓர் ஊன்றுகோல்

ஈஜோக்,
14.8.1952

அன்பு அப்பாவுக்கு, கான்ஸ்டன்ஸ் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் இருமல் விட்டதா? அம்மா முழங்காலுக்குத் தைலம் போடுகிறார்களா? நான் சுகம்தான், கொஞ்சம் அசதி.

என் வகுப்பில் அஞ்சலை என்றொரு பிள்ளை. இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பிவிட்டது. அவள் அம்மா விடியுமுன் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போய்விடுவதால், அவர்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து பள்ளிக்குத் தூக்கி வர ஆளில்லை. தச்சர் மகளாயிற்றே என்று நானே மூங்கிலில் ஓர் ஊன்றுகோல் செய்து கொடுத்தேன். நான்கு நாள் நன்றாக நடந்து வந்தாள்.

திங்கட்கிழமை முள்வேலி கேட்டில் காவலர் செல்லையா அதை வாங்கிப் பாராங்கத்தியால் பிளந்துவிட்டார்.

"மூங்கிலுக்குள்ள அரிசி வச்சிக் காட்டுல ஒளிஞ்சிருக்கிற கம்யூனிஸ்டுக்காரனுக்குக் கொண்டுபோறாங்க டீச்சர். எனக்கு உத்தரவு லா" என்றார்.

உள்ளே காற்றுதான் இருந்தது. எல்லாரும் சிரித்துவிட்டோம், நீங்கள் கவலைப்பட வேண்டாம். அஞ்சலை மட்டும், "நாளைக்கி நான் எப்படி வர்றது டீச்சர்?" என்று கேட்டாள். அன்றிலிருந்து நான்தான் முதுகில் சுமந்து வருகிறேன்.

அப்பா, பிளந்து பார்க்க இடமில்லாத கெட்டி மரத்தில் ஒன்று செய்து அனுப்புங்கள். அளவுக்கு இக்கடிதத்துடன் ஒரு நூல் வைத்திருக்கிறேன். நுனியிலிருந்து முடிச்சு வரை, தரையிலிருந்து அவள் கக்கத்தின் உயரம். வளர்கிற பிள்ளை, இரண்டு விரல் கூட்டி வையுங்கள்.

ஊரடங்குக்கு முன் தபாலில் சேர்க்க வேண்டும், நிறுத்துகிறேன். ஊன்றுகோலை நம் பட்டறை மரச்சீவலில் பொதிந்து அனுப்புங்கள். அந்தச் சீவலின் வாசனை எனக்கு வேண்டும்.

உங்கள் மகள்
கான்ஸ்டன்ஸ்