கவ்வாத்து வெட்டிய பழச்செடிகள்

தெமோதரை, மேல்பிரிவு,
மூன்றாம் லயம்.
21.06.2004

அன்பு மகள் ஜெயந்தினிக்கு சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கே உன் சித்தி இராக்கம்மாவின் முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் சுகம். அங்கே லெபனானில் உனக்கு முழங்கால் உட்பட எல்லாம் சுகமாக இருக்கக் கதிர்காமத்து முருகனை வேண்டுகிறேன். இந்த மாதம் இங்கே காற்று அதிகம், நமுனுகுல மலையே நகர்ந்து வந்து லயத்துத் தகரத்தின் மேல் உட்கார்ந்துவிடும் போல அடிக்கிறது, எல்லார் வீட்டுத் தகரமும் தடதடவென்று ஆடுகிறது, நம் வீட்டுத் தகரம் மட்டும் அசையவில்லை, ஏனென்றால் அதற்கு ஆணி அடித்தவன் நான். கறுப்பு மாடு கன்று போட்டிருக்கிறது, ஒரு வேளைக்குப் பத்துப் போத்தல் பால் கறக்கிறது, நாலு போத்தல்தான் என்று சித்தி உனக்கு எழுதச் சொன்னாள், அவள் கறக்கும்போது நாலு, நான் கறந்தால் பத்து. நீ அனுப்பிய போர்வை வந்து சேர்ந்தது, அதைப் போர்த்திக்கொண்டு காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களம் வரை ஒரு நடை போய் வந்தேன், பெரிய துரையே ஜீப்பை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன புரட்டாசியில் உன் மாமன் இராமையாவுக்கு நீ போட்ட கடிதம் பற்றியது இது. உன் அம்மாவுடன் கூடப் பிறந்தவன், அவனுக்கும் நீ எழுதத்தான் வேண்டும், நான் ஒரு நாளும் தடுத்ததில்லை. ஆனால் மகளே, உன் அப்பாவும் அம்மாவும் போன பிறகு ஆறு வயதிலிருந்து உன்னை வளர்த்தது இந்த லயத்து நாலாம் காம்பரா வீடு, அவனுடைய கடைசிக் காம்பரா இல்லை. எனக்கு ஒரு பக்கம் எழுதிய நீ அவனுக்கு மூன்று பக்கம் எழுதியிருந்தாய். அவனுக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும், நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவன், இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் வாத்தியார் ஆகியிருப்பேன், அதனால் அவன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம்தான் வந்தான், "மச்சான், புள்ள என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லு" என்று வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். நானும் உரக்க வாசித்தேன். நீ இருக்கும் மாடி வீட்டில் ஒரு குருவிச் சத்தம்கூடக் கேட்பதில்லை என்பதை வாசித்தேன், மாமா வீட்டு வேலிக் குருவிகள் கனவில் வருகின்றன என்பதையும் வாசித்தேன். கடைசியில், அடுத்த வருடம் தீபாவளி லீவுக்கு வந்தால் மாமா வீட்டிலேயே தங்குகிறேன், காலையில் அந்தச் சத்தத்தில் கண் விழிக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரியை நான் வாசிக்கவில்லை. "அவ்வளவுதானா மச்சான்" என்று கேட்டான், அவ்வளவுதான் என்று மடித்துக் கொடுத்தேன். மறைப்பானேன், அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்படி என்ன வேலி அது என்று மறுநாள் போய்ப் பார்த்தேன். உண்ணிச்செடி, மல்பெரி, மணத்தக்காளி, ஒரு காட்டுக் கொய்யா, எல்லாம் தலைவிரி கோலமாக ஒன்றன் மேல் ஒன்று விழுந்து கிடக்கின்றன, அவன் சோம்பேறித்தனத்துக்கு அதுவே சாட்சி. ஆனால் குருவிகள் கொள்ளை கொள்ளையாக வருகின்றன. கொண்டைக்குருவி, மைனா, பச்சைக்கிளி, கறுத்த பழத்தை அப்படியே விழுங்கும் பச்சைப்புறா. இதில் என்ன அநியாயம் என்றால், அவன் வேலியில் தின்றுவிட்டு நம் வீட்டுக் கொடியில் வந்து உட்கார்ந்துதான் போகின்றன. என் வெள்ளைச் சட்டையெல்லாம் ஊதாப் பொட்டு. விருந்து அவன் வீட்டில், கழுவுவது உன் சித்தி.

சரி, நாமும் காட்டுவோம் என்று ஐப்பசி மழையோடு இறங்கினேன். நம் பீன்ஸ் பாத்தியை அழித்துவிட்டு, அவன் வைத்திருக்கும் ஒவ்வொரு செடிக்கும் இரண்டாக வைத்தேன், வைத்ததெல்லாம் பிடித்தது, என் கைராசி அப்படி. இந்தப் பிரிவில் முப்பது வருடம் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டியவன் நான், என் வெட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வெலிமடையிலிருந்தெல்லாம் ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்று நீ சின்னப் பிள்ளையில் கேட்டிருப்பாய். அதனால் செடியை நான் அவனைப் போலக் காடாக விடவில்லை. வாரம் தவறாமல் கத்தியைத் தீட்டி இடுப்பளவுக்கு மேசை மாதிரி சமமாக வெட்டினேன். பூ தலைகாட்டினால் அன்றைக்கே கிள்ளினேன், பூத்த தேயிலை கவனிப்பாரில்லாத தேயிலை, அதைக் கண்டால் கங்காணி என்ன பேச்சுப் பேசுவார் என்று உனக்கும் தெரியும். பாத்தி கண்ணாடி போல இருந்தது, பார்த்தவர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். ஆனால் ஒரு குருவி வரவில்லை. மாசியில் மட்டும் கோழி அளவில் ஏழு நிறத்தில் ஒரு பறவை வந்து அரை நாள் உட்கார்ந்திருந்தது, அது பக்கத்து வீட்டுச் சேவல் என்று சித்தி சொல்கிறாள், அவள் கண்ணாடி போடவில்லை. மற்றபடி ஏழு மாதமாக நான் சமமாக வெட்டி வைக்க, அவை அவனுடைய குப்பைக்கே போய்க்கொண்டிருந்தன. குருவிக்குக்கூட இவ்வளவு ஓரவஞ்சனை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

போன மாதம் நான் வெட்டிக்கொண்டிருக்கும்போது இராமையா வேலியோரமாக வந்து நின்று, "மச்சான், நீ இதுல கொழுந்தா எடுக்கப் போற" என்று கேட்டான். எனக்குச் சுருக்கென்றது. ஏன் கேட்கிறாய் என்றேன். "பூவைக் கிள்ளிட்டா பழம் எங்கேருந்துய்யா வரும், குருவி என்ன உன் கவ்வாத்தைப் பாக்கவா வருது" என்று சொல்லிவிட்டு என் கையிலிருந்த கத்தியை வாங்கித் தகரத்தில் செருகிவிட்டான். அது எனக்கும் தெரியும், மண் பலம் ஏறட்டும் என்றுதான் வெட்டினேன் என்று சொல்லி வைத்தேன். அதோடு விட்டானா, மறுநாளிலிருந்து தினமும் அவன் வீட்டு மரத்துப் பப்பாளிப்பழத்தில் பாதியை அறுத்துக் கொண்டுவந்து நம் பாத்திக் கம்பில் குத்தி வைக்கிறான், "பழம் வர்ற வரைக்கும் அதுகளுக்கு வழி தெரியணும்ல" என்கிறான். மூன்றாம் நாள் இரண்டு கொண்டைக்குருவி வந்தன. தன் குருவியை எடுத்து இன்னொருத்தன் வேலிக்கு அனுப்புகிறவனை என்ன செய்வது, சொல். எனக்கு அந்தப் பப்பாளியைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது, வெட்கமாகவும் இருந்தது.

நேற்று ஞாயிறு, மனம் கேட்காமல் இராமையாவிடம் போய், உனக்கு வந்த கடிதத்தில் அன்று ஒரு வரியை விட்டுவிட்டேன் மச்சான், பிள்ளை உன் வீட்டில்தான் தங்குவதாக எழுதியிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அது தெரியும், அன்னிக்கே கடை புஹாரி நானாகிட்ட குடுத்து இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன்" என்றான். ஏன் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டதற்கு, "நீ படிக்கும்போது மூஞ்சியைப் பாத்தேன், வளத்தவன்ல, சொல்ல மனசு வரல்ல" என்றான். ஒன்பது மாதம் வயிற்றுக்குள் வைத்திருந்திருக்கிறான். அடுத்தவன் தப்பு தெரிந்தால் என்னால் ஒன்பது நாள் வாயை மூடியிருக்க முடியாது. இதிலும் அவன்தான் என்னை முந்தினான் என்று எனக்குப் பொறாமைதான், எழுதுவதற்கென்ன.

மகளே, பனியில் தலைக்குத் துணி கட்டாமல் மாடிக்குப் போகாதே, வேளைக்குச் சாப்பிடு, பாஸ்போட்டை எசமானி கேட்டாலும் கையை விட்டுக் கொடுக்காதே. கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருந்தாலும் முருகன் உன் தலைமாட்டில் நிற்பான், நீ கைகால் சுகத்தோடு நீடூழி வாழ வேண்டும். ஒன்றே ஒன்று, மறந்துவிடாதே. தீபாவளிக்கு எங்கே தங்குவாய் என்பதை இராமையாவுக்கே எழுது, எனக்கு வேண்டாம். அவன் கொண்டுவருவான், எதுவாக இருந்தாலும் ஒரு எழுத்து விடாமல் வாசித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு
உன்னை வளர்த்த சித்தப்பா,
செ. காத்தமுத்து