உதைக்க வேண்டாம், எறியும்

இன்று காலை டோஸ்ட்ருப்பில் ரயில் ஏறியபோது, விளையாட்டுப் பையோடு ஒரு பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் முழங்காலில் பூசியிருந்த வலித்தைலத்தின் மணம் மூக்கில் ஏறியதும் நான் மனதால் அந்தப் பழைய கிரின்ஸ்டெட் ஊருக்குப் போய்விட்டேன். நீங்கள் காலமாகிவிட்டீர்கள் என்று உங்கள் தங்கை அட்டை அனுப்பி மூன்று மாதமாகிறது. அவருக்குப் பதில் எழுதிவிட்டேன். உங்களுக்குத்தான் எழுதாமல் இருந்தேன். டெனிஷில் உங்களை 'டு' என்று ஒருமையில் கூப்பிட்டுப் பழகியவள் நான். தமிழில் எழுதினால் 'நீங்கள்' என்றுதான் வருகிறது.

எண்பத்தாறாம் ஆண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து டென்மார்க்குக்கு அகதியாக வந்த நான் கிரின்ஸ்டெட் பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். நீங்கள் எங்கள் மேற்பார்வையாளர். வேலை முடிந்தால் ஊர்ப் பெண்கள் உதைபந்தாட்ட அணியின் பயிற்சியாளர். அந்த ஊரில் உங்களுடைய டெனிஷ் மட்டும்தான் எனக்கு முழுதாக விளங்கியது. ஜேர்மன்காரியான நீங்கள் ஒவ்வொரு சொல்லையும் முழுசாக உச்சரித்தீர்கள். "இவையள் பாதிச் சொல்லை விழுங்கிப்போடுவினம். நாங்கள் ரெண்டுபேரும்தான் ஒழுங்காக் கதைக்கிறம்" என்று சிரித்தீர்கள்.

பஸ் தவறிய ஒருநாள் உங்கள் காரில் ஏற்றிக்கொண்டீர்கள். வழியில் மைதானம். பயிற்சி முடியும்வரை நான் ஓரமாக நின்றேன். உயரமாக ஒரு பந்து என்னை நோக்கி வந்தது. பாடசாலையில் வலைப்பந்து ஆடிய கை அது. தானாக எழுந்து பிடித்துவிட்டது. உங்கள் கோல் காப்பாளருக்கு அந்த வாரம் மணிக்கட்டு முறிந்திருந்தது.

"நாளைக்கு வாரும்" என்றீர்கள்.

"எனக்கு உதைக்கத் தெரியாது."

"உதைக்கிறதுக்குப் பத்துப்பேர் இருக்கினம்."

வீட்டில் என் கணவர், "இருபத்தொன்பது வயசிலையோ? சனம் என்ன கதைக்கும்?" என்று கேட்டார். அதை உங்களிடம் சொன்னபோதுதான் உங்கள் கதையைச் சொன்னீர்கள். உங்கள் இளமையில் ஜேர்மனியில் பெண்கள் கழக மைதானங்களில் ஆடத் தடை இருந்தது. நிலக்கரிச் சுரங்க ஊர் ஒன்றில், மைதானக் காவலாளி உங்களையும் தோழிகளையும் தும்புத்தடியோடு துரத்தியிருக்கிறார். ஆட இடம் தேடித்தான் டென்மார்க் வந்தீர்கள். ஆடினீர்கள், பிறகு பயிற்றினீர்கள், இரண்டு அணிகளை மேல் பிரிவுக்கு ஏற்றினீர்கள். நாங்கள் உங்கள் மூன்றாவது அணி. நான் கோலில் நின்றேன்.

பருவத்தின் கடைசிப் போட்டி. தோற்காவிட்டால் போதும், மேல் பிரிவுக்குப் போய்விடுவோம். இடைவேளைக்குள் நான் இரண்டு கோல்களை விட்டேன். முதலாவது, நான் உதைத்த பந்து நேராக எதிரணிப் பெண்ணின் காலில் போய் விழுந்ததால். இரண்டாவது என் கால்களுக்கு இடையால் போனது. பழைய காப்பாளர் மணிக்கட்டு தேறி, கையுறை போட்டுக்கொண்டு மைதான ஓரத்து வாங்கில் தயாராக இருந்தார்.

உடைமாற்றும் அறையில் நான் கையுறையைக் கழற்றினேன். "என்னை மாத்துங்கோ."

நீங்கள் கையுறையை எடுத்து என் மடியில் வைத்தீர்கள். "பிழை உம்மடை கையிலை இல்லை, காலிலை. உதைக்கச் சொன்னது நான். இனி உதைக்க வேண்டாம், எறியும்."

அவ்வளவுதான். யாரையும் ஏசவில்லை, ஊக்க உரை எதுவும் நிகழ்த்தவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு வெளியே போய்விட்டீர்கள்.

இரண்டாம் பாதியில் பந்து கைக்கு வந்தபோதெல்லாம் வலைப்பந்தில் எறிவதுபோல் தோளுக்கு மேலால் எறிந்தேன். ஒன்று பாதி மைதானம் தாண்டி எங்கள் ஆளின் காலடியில் விழுந்தது. அவள் ஓடிப்போய் அடித்தாள். பத்து நிமிடத்தில் இன்னொன்று. இரண்டுக்கு இரண்டு. கோட்டுக்கு வெளியே ஒற்றைத் தமிழ்க் குரல் கேட்டது: "எறியுமப்பா, எறியும்!" சனம் என்ன கதைக்கும் என்று கேட்ட மனுசன்தான்.

நாங்கள் மேல் பிரிவுக்கு ஏறிய அடுத்த ஆண்டு உங்கள் சொந்த ஊர்க் கழகம் உங்களைக் கூப்பிட்டது. நீங்கள் துரத்தப்பட்ட அதே மைதானம். போய் இரண்டு கோப்பை வென்றீர்கள். எனக்கு எழுதிய கடிதத்தில் கோப்பையைப் பற்றி ஒரு வரிதான். மீதி முழுக்க, அந்தக் காவலாளியின் மகன் ஒவ்வொரு சனிக்கிழமையும் உங்கள் பெண்களுக்காகப் புல்லில் சுண்ணாம்புக் கோடு போடுகிறான் என்பதைப் பற்றி.

நான் இப்போது ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையை நடத்துகிறேன். போன கிழமை புதிதாக வந்த பெண் நாற்பது பேருக்கான கஞ்சியை அடிப்பிடிக்க விட்டுவிட்டு அழுதுகொண்டு நின்றாள். மற்றவர்கள் அவளை வீட்டுக்கு அனுப்பச் சொன்னார்கள். நான் அடுப்பைப் பார்த்தேன். அவள் உயரத்துக்கு அந்தப் பெரிய பானையின் அடிவரை அகப்பை எட்டாது. ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டேன்.

"ஏறி நில்லும். கஞ்சியைத் திரும்ப வையும்" என்றேன்.

அன்றைக்கு எல்லாரும் கொஞ்சம் பிந்தித்தான் சாப்பிட்டார்கள்.