பெரியவன் நிற்காத புல்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நன்றாகவே இருக்கிறேன், வலது முழங்காலை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதே, அது தனிக்கட்சி நடத்திக்கொண்டிருக்கிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கிச் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்புவதைத் தவிர இங்கிருந்துகொண்டு நான் வேறென்ன செய்ய முடியும். வாரத்துக்கு இரண்டு தடவை போனில் பேசுகிற மனுஷனுக்கு இதென்ன புதுசாகக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ முதலில் பெரியவன், சின்னவன் என்று இரண்டு நாய்களோடும் பேசுவாய், அவை என்ன சாப்பிட்டன என்று விசாரிப்பாய், கடைசியில் நீங்க எப்படி இருக்கீங்கப்பா என்று கேட்கும்போது உனக்கு ஆபீசுக்கு நேரமாகிவிடும். குறை சொல்லவில்லை, நடப்பதைச் சொன்னேன். இந்த விஷயத்தை யாரும் குறுக்கே பேசாமல் நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, அதனால்தான் தாளும் பேனாவும்.

முன்முற்றத்தில் செயற்கைப் புல் போட்டாயிற்று. போன வியாழக்கிழமை வந்து ஒரே நாளில் முடித்துவிட்டார்கள். நீ அங்கிருந்து ஆர்டர் பண்ணின அதே ரகம்தான், நான் டேப் வைத்து இழையின் உயரத்தை அளந்து பார்த்தேன், சொன்னபடி இருக்கிறது. ஆனால் பெரியவன் புல்லின் மேல் நிற்கிற மாதிரி ஒரு போட்டோ கேட்டாயே, அதை அனுப்ப முடியாது. பெரியவன் போய்விட்டான் பாப்பா. இன்று நேற்று இல்லை, இரண்டு மாசம் ஆகிறது. இந்த வரியை நாலு தாளில் எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டேன், இது ஐந்தாவது தாள், இதில் எப்படி வந்ததோ அப்படியே இருக்கட்டும். அழ வேண்டும் என்று இருந்தால் அழுதுவிட்டு வந்து மீதியைப் படி, கடிதம் எங்கேயும் ஓடிப்போகாது.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அது. பள்ளிக்கூட யூனிஃபார்ம் வெட்டிக்கொண்டிருந்தேன், அவன் வழக்கம்போல மேஜைக்கு அடியில் வெட்டுத்துணிக் குவியல் மேல் படுத்திருந்தான். ஒரு கைக்கு வெட்டி முடித்து மிச்சத் துண்டைக் கீழே தள்ளினேன், அது அவன் முகத்தில் விழுந்தது, அவன் உதறவில்லை. அவ்வளவுதான், வேறு சத்தம் இல்லை, தொந்தரவு இல்லை. நாய்களைப் பார்க்கிற டாக்டரம்மா ஓடிவந்து பார்த்துவிட்டு, தூக்கத்திலேயே போயிருக்கு சார், பதினாலு வயசு இருந்ததே பெரிசு என்றார். எதிர்வீட்டு லாரி டிரைவர்தான் குழி வெட்டிக் கொடுத்தார், முன்முற்றத்தில் தண்ணீர்க் குழாயை ஒட்டின மூலையில். சுற்றுவதற்குத் துணி கேட்டார். இத்தனை வருஷத்தில் அளவெடுக்காமல் நான் ஒரு துணியில் கத்தரி வைத்ததில்லை, அன்றைக்கு அவன் மேல் டேப்பை வைக்கக் கை வரவில்லை, நல்ல பருத்தித் துணி ஒன்றை முழுசாக அப்படியே கொடுத்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே நீ போன் பண்ணினாய். சொல்லத்தான் எடுத்தேன். நீ எடுத்த எடுப்பில் பெரியவன் எங்கே என்றாய், தூங்குறான் என்று வாயில் வந்துவிட்டது. முதல் பொய் சொன்ன பிறகு மற்றதெல்லாம் அதுவாகவே வரிசையில் வந்து நின்றுகொண்டது. ஒரு நாள் காட்டியே ஆக வேண்டும் என்று நீ பிடிவாதம் பிடித்தபோது சின்னவனை மேஜைக்கு அடியில் தள்ளி இருட்டில் முதுகை மட்டும் காட்டினேன், இரண்டும் ஒரே பழுப்புதானே. நீ பார்த்துவிட்டு, இளைச்சுட்டான்ப்பா, தினம் ஒரு முட்டை குடுங்க என்றாய். அந்த முட்டையை இரண்டு மாசமாகச் சின்னவன் தின்று உருண்டையாக இருக்கிறான், இப்போது படியேற மூச்சு வாங்குகிறது.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். நீ வருத்தப்படுவாய் என்பதற்காக என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் அது பாதிதான். போன தடவை கிளம்பும்போது வாசலில் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, நீ இருக்கிற வரைக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை வந்தே தீருவேன்டா என்று அவனிடம் சொன்னாய். பெட்டியைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் நின்றிருந்தேன். நீ ஒன்றும் நினைத்துச் சொல்லியிருக்க மாட்டாய், எனக்குத் தெரியும். ஆனாலும் அம்மா போன பிறகு இந்த வீட்டுக்கு நீ வருவதற்கு இருந்த ஒரே காரணம் மேஜைக்கு அடியில் படுத்திருக்கிறது என்று எனக்குப் பட்டுவிட்டது. அவன் போனது தெரிந்தால் நீயும் வரமாட்டாய் என்று பயந்தேன் பாப்பா. வெட்கத்தை விட்டு எழுதிவிட்டேன்.

இதற்கு நடுவில்தான் அவன் பின்னங்கால் ஈரச் சிமெண்டில் வழுக்குகிறது, சேற்றில் புதைகிறது, செயற்கைப் புல் போட்டுவிடலாம் என்று நீ ஆரம்பித்தாய். வேண்டாம் என்று எந்த முகத்தோடு சொல்வேன். புல் போட வந்தவர்கள் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர். அவர் மண்ணை நாலு விரற்கடை சுரண்டி, ஜல்லித்தூள் கொட்டி, தரையை அதிர வைத்து இறுக்குகிற மெஷினை ஓட்டிக்கொண்டு வந்தார், அந்த அம்மாள் முட்டி போட்டு புல் பாயை விரித்து வெட்டுகிறவர். மெஷின் குழாயடி மூலைக்கு வந்தபோது நான் போய் அந்த இடத்தில் ஏறி நின்றுகொண்டேன். அவர் கையை ஆட்டுகிறார், நான் நகரவில்லை. அந்த அம்மாள்தான் எழுந்து வந்து, மெஷினை நிறுத்தச் சொல்லி, அடியில் யார் இருக்காங்க ஐயா என்று கேட்டார். யார் என்று கேட்டார் பார், என்ன என்று கேட்கவில்லை. சொன்னேன். நம் வீட்டு ஆளிடம் சொல்லாததை முன்பின் தெரியாத ஒருவரிடம் சொன்னேன். அந்த மூலையை அந்த அம்மாளே மெஷின் இல்லாமல் ஒரு மரக்கட்டையால் மெல்லத் தட்டித் தட்டியே சமன் செய்தார். இந்த இடத்தை மட்டும் திறந்து விடட்டுமா, செடி ஏதாவது வைத்துக்கொள்ளலாம் என்றும் கேட்டார். நான்தான் மூடிவிடுங்கள் என்றேன், திறந்து விட்டால் போட்டோவில் உனக்குத் தெரிந்துவிடுமே. அவன் மேல் பிளாஸ்டிக்கை விரித்துச் சுற்றி ஆணி அடிக்கிறதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

சின்னவன் கதை வேறு. இரண்டு நாள் அவன் புல்லில் காலே வைக்கவில்லை, விளிம்பில் நின்று முகர்ந்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். வெயில் நேரத்தில் அது அடுப்புக் கல்லாகக் காய்கிறது, அதனால் பதினோரு மணிக்கு ஒரு தடவை குழாயைத் திறந்து நனைத்துவிடுகிறேன், நாற்றம் தங்காமல் இருக்கவும் அதுதான் வழி என்று அந்த அம்மாள் சொல்லியிருக்கிறார். மூன்றாம் நாள் ஐயா மனசு மாறிப் புல்லில் இறங்கி நேராக நடந்து போய்க் குழாயடி மூலையில் காலைத் தூக்கினார். டேய் என்று நான் போட்ட கத்தலில் எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்துவிட்டார். பிறகு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, சிரித்ததைச் சொல்ல வீட்டுக்குள் போனேன், உள்ளே யாரும் இல்லை.

உன் அத்தை போன் பண்ணும்போதெல்லாம் நாயை யாருக்காவது கொடுத்துவிட்டு எங்க வீட்டுக்கு வந்துடுங்கண்ணா என்கிறாள். நல்ல மனசோடு சொல்கிறாள், ஆனால் அவள் வீட்டில் டிவி நிற்பதே இல்லை, நான் போகிறதாக இல்லை. நீ குளிரில் தலையை நனைத்துக்கொண்டு வெளியே போகாதே. நீ அனுப்பின சட்டை அளவு சரியில்லை, தோளைப் பிரித்து நானே மாற்றிக்கொண்டேன், இனி வாங்கும்போது என்னைக் கேள்.

இன்னொன்று, என் நாற்காலியிலிருந்து வெறும் புல்லை மட்டும் எடுத்த போட்டோ இதோடு வைத்திருக்கிறேன், நீ அதைப் பார்த்துப் புல் வெளுத்திருக்கிறது, ஏமாற்றிவிட்டார்கள் என்று கம்பெனிக்காரனோடு சண்டைக்குப் போய்விடாதே. தப்பு என்னுடையது. இந்தப் புல்லும் வெல்வெட் போலத்தான், இழை ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும், சாய்வுக்கு எதிரே நின்று பார்க்கிறவருக்குப் பச்சை நிறைவாகத் தெரியும், பின்னாலிருந்து பார்த்தால் வெளிறிப் பளபளவென்று பிளாஸ்டிக் என்று காட்டிக்கொடுத்துவிடும். வழக்கமாக வீட்டைப் பார்த்துத்தான் ஐயா சாய்ப்போம், நீங்கள்தானே தினம் பார்ப்பீர்கள் என்று இரண்டு பேரும் எடுத்துச் சொன்னார்கள். நான் ஒற்றைக் காலில் நின்று கேட்டைப் பார்த்துப் போட வைத்தேன். கேட்டைத் திறந்து நீ உள்ளே வரும்போது அழகாக இருக்கட்டும் என்று நினைத்தேன். ஆக, என் நாற்காலியிலிருந்து பார்த்தால் சோகை பிடித்த மாதிரி இருக்கிறது. காலையில் டம்ளரை எடுத்துக்கொண்டு கேட் வரைக்கும் போய்த் திரும்பி நின்று ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன், அங்கிருந்து நன்றாகத்தான் இருக்கிறது. யாரையோ எதிர்பார்த்து நிற்கிறீங்க போல என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார், புல் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கோபம் இருந்தால் போன் பண்ணித் திட்டு, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. உடம்பும் மனசும் நோகாமல் நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், அப்பாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. மறக்காமல் ஒன்று செய். லீவு கேட்டால் காரணம் எழுதச் சொல்கிறார்கள், போன வருஷம் நாய்க்கு உடம்பு சரியில்லை என்று எழுதினேன் என்று சிரித்தாயே, இந்த வருஷம் அந்த இடத்தில் அப்பாவைப் பார்க்க என்று எழுதிப் பார்.

இப்படிக்கு,
உன் அப்பா