ஓ நெகட்டிவ் தேடிய நாட்கள்

14 அக்டோபர், திங்கள்
துர்கா பூஜைப் பந்தலின் மூங்கிலைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. அதற்குள் கீழ்வீட்டு மேக்னா பௌதி (இங்கே அண்ணியை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்), தெரு கிளப் ஆட்கள் இருவரோடு வந்து நிற்கிறார். டெங்குக் கொசுவாம். லேக் கார்டன்ஸ் முழுக்க வீடு வீடாக மொட்டை மாடியைப் பார்க்கிறார்களாம். "எங்க வீட்ல அழுக்குத் தண்ணியே கிடையாது" என்று என் அரைகுறை வங்காளத்தில் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன்.

மாடியில் இருப்பது மூன்று டிரம் நல்ல தண்ணீர். இவருக்குத் துறைமுக ஆபீஸில் மாற்றலாகி இங்கே வந்த நாளிலிருந்து குழாய் ஒருநாளும் நின்றதில்லைதான். ஆனால் சென்னையில் குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடியவளுக்கு, தண்ணீர் பிடித்து வைக்காமல் தூக்கம் வருமா? இருந்துவிட்டுப் போகட்டுமே. யாருக்கு என்ன நஷ்டம்?

18 அக்டோபர், வெள்ளி
இவருக்குக் காய்ச்சல். ஆபீஸுக்கு லீவு போட்டிருக்கிறார். உலக அதிசயம்.

21 அக்டோபர், திங்கள்
டெங்குதான். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, வீட்டில் தண்ணீர் எங்கேயாவது நிற்கிறதா என்பது. "நல்ல தண்ணிதான் டாக்டர்" என்றேன். "அந்தக் கொசு அதில்தான் முட்டை போடும்" என்றார். என் டிரம் கொசுவா, ஊர்க் கொசுவா, யார் கண்டார்? யோசிக்க நேரமில்லை. நேராக ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. வீட்டுச் சாவி பௌதியிடம்.

23 அக்டோபர், புதன்
பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போகிறது. ஈறில் ரத்தம். இவருடையது ஓ நெகட்டிவ். கையிருப்பு இல்லை, அதே வகை ரத்தமுள்ள ஆள் வேண்டும் என்கிறார்கள். என்னுடையது சேராது. நான் எங்கே போய்த் தேடுவேன்?

தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸப் குழுவில் போட்டேன். காலை வணக்கப் பூங்கொத்து, லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் வந்ததா — இதைத் தவிர அங்கே வேறெதுவும் நடந்து நான் பார்த்ததில்லை. போட்ட கொஞ்ச நேரத்தில், பவானிபூரில் டிபன் கடை வைத்திருக்கும் பிரிட்டோ கூப்பிட்டார். "அக்கா, அழாதீங்க. நம்ம கடைக்கு தினம் இட்லி சாப்பிட வர்ற கிளப் ஆளு ஒருத்தர் ரத்ததான முகாம் நடத்துறாரு. எல்லா குரூப்புக்கும் அவர்கிட்ட ஆள் இருக்கு. நான் பேசுறேன்."

24 அக்டோபர், வியாழன்
ஆள் கிடைத்துவிட்டார். ஆனால் ஹவுராவில், ஏதோ பட்டறையில் வேலை. புயல் வருகிறதென்று ரயில், படகு எல்லாம் நிறுத்தம். நடுவில் ஆறு. கடவுளே.

மேக்னா பௌதி போன் செய்தார். "மஞ்சுளா, மாடி டிரம்மைக் கவிழ்த்துடட்டுமா?" அன்று நான் அனுப்பிய அழகை ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. "எல்லாத்தையும் கவிழ்த்துடுங்க பௌதி" என்று சொல்லிவிட்டு வராந்தாவில் நின்று அழுதேன். இவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?

25 அக்டோபர், வெள்ளி
வந்துவிட்டார்! பெயர் சந்தீப், முப்பது வயதுகூட இருக்காது. பாலத்தை நடந்தே கடந்து, இந்தப் பக்கம் தேங்கிய தண்ணீரில் இறங்கி, முழங்கால்வரை நனைந்து வந்து நின்றார். பிரிட்டோ கொடுத்தனுப்பிய இட்லியை ஊட்டாத குறையாகச் சாப்பிடவைத்தேன். பிறகு வெகுநேரம், பிளேட்லெட்டை மட்டும் பிரித்தெடுத்து மீதி ரத்தத்தைத் திருப்பி ஏற்றும் மெஷினில். கஷ்டமா தம்பி என்றால், "சும்மா படுத்துத்தானே இருக்கேன், திதி" என்று சிரிக்கிறார். வங்காளத்தில் திதி என்றால் அக்கா. ரத்தம் என்றால் சிவப்பாக இருக்கும் என்று நினைத்தேன். பையில் மோர்க்குழம்பு நிறத்தில் ஏதோ இருந்தது. அதைக் கும்பிட்டேன்.

28 அக்டோபர், திங்கள்
பிளேட்லெட் ஏறுகிறது. ஈறில் ரத்தம் நின்றுவிட்டது. ரசம் சாதம் கேட்டார், உப்பு போதவில்லை என்று கடிந்துகொள்ளவும் செய்தார். இத்தனை சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதே இல்லை.

31 அக்டோபர், வியாழன்
தீபாவளிக்கு வீட்டில் இருக்கிறோம். இரண்டு பேரும்.

பிரிட்டோவுக்கு நன்றி சொல்லலாம். அவர் கடைக்கு இட்லி சாப்பிட வரும் அந்த முகம் தெரியாத கிளப்காரருக்கு? அவர் யார் யாருக்கெல்லாம் போன் போட்டாரோ, அவர்களுக்கு? யாரும் எனக்கு உறவில்லை. நன்றி என்ற சொல் போதவில்லை, ஆனாலும் எழுதி வைக்கிறேன். நன்றி.

சந்தீப்புக்கு அக்கா தங்கை கிடையாதாம். "ஞாயிற்றுக்கிழமை பாய் ஃபோண்டா, நீயே பொட்டு வையேன்" என்றார் பௌதி.

3 நவம்பர், ஞாயிறு
பாய் ஃபோண்டா அன்று சகோதரன் நெற்றியில் அக்கா தங்கை சந்தனப் பொட்டு வைத்தால் எமன் அவனை அண்டமாட்டானாம். வைக்கிறவரை அக்கா சாப்பிடக் கூடாது. காலையில் வருவதாகச் சொன்ன சந்தீப்பைக் காணோம். பகல் ஏறிவிட்டது. போனும் எடுக்கவில்லை. பசி வேறு, எனக்குக் கோபமே வந்துவிட்டது. வருகிறேன் என்று சொல்லிவிட்டு இப்படியா?

கடைசியில் அவரே கூப்பிட்டார். "கோவிச்சுக்காதீங்க திதி. மெஷின்ல இருக்கேன். காலையில திடீர்னு கூப்பிட்டாங்க. ஒரு அம்மாவுக்கு பிளேட்லெட் ரொம்பக் கொறைஞ்சு போச்சாம். முடிஞ்சதும் வந்துடறேன்."

"மெதுவா வா தம்பி" என்றேன். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில், அன்று நான் நின்ற மாதிரி, இந்நேரம் யார் நிற்கிறார்களோ.

"நீ சாப்பிடேன்" என்றார் இவர், சோபாவில் படுத்தபடி.

"வரட்டும்" என்றேன். சந்தனம் காய்ந்துபோயிருந்தது. மறுபடி அரைத்து வைத்தேன்.